அடிமரம் இல்லாத ஆல்

கொல்கத்தாவுக்கு முதல் தடவையாக வருகிறவருக்கு உள்ளூர் நண்பர்கள் ஒரு பட்டியல் தருவார்கள். விக்டோரியா நினைவு மண்டபம், காளிகாட், தட்சிணேஸ்வரம், ஹௌரா பாலம், அருங்காட்சியகத்தில் இருக்கும் எகிப்திய மம்மி. பட்டியலின் அடியில், 'நேரம் இருந்தால்' என்ற நிபந்தனையுடன், ஓர் ஆலமரம் இருக்கும். ஊருக்கு ஊர் ஆலமரம் இருக்கும் நாட்டில் ஒரு மரத்தைப் பார்க்க ஆற்றைக் கடந்து போவானேன் என்று நினைப்பவர்கள் அன்று மத்தியானம் நியூ மார்க்கெட்டுக்குப் போய்விடுகிறார்கள். மற்றவர்கள் எஸ்பிளனேடில் பஸ் பிடிக்கிறார்கள்.

1992 அக்டோபரில் வித்யாசாகர் சேது திறக்கப்படும்வரை இது அரைநாள் வேலை. ஹௌரா பாலத்து நெரிசலில் ஊர்ந்து, மறுகரையின் குறுகிய தெருக்களில் தெற்கே திரும்பி, ஷிப்பூர் போய்ச் சேரவேண்டும். கம்பெனி காலத்துத் துரைமார்கள் படகில் வந்தார்கள். எல்லாப் பயண நூல்களும் கொல்கத்தாவின் அடையாளம் என்று சொல்லும் இந்த மரம் உண்மையில் நிற்பது ஹௌராவில். ரயில் நிலையம், பாலம், ஆலமரம் என்று ஹௌராவிடம் இருக்கும் நல்லவற்றையெல்லாம் கொல்கத்தா தன் கணக்கில் எழுதிக்கொள்வது பழைய வழக்கம்தான்.

2009-லிருந்து ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் பெயரைத் தாங்கியிருக்கும் அந்தத் தாவரவியல் தோட்டம் 273 ஏக்கர். ஊர்க்காரர்களுக்கு இன்னமும் அது 'பொட்டானிக்கல்' மட்டுமே. வாசலில் நுழைந்ததும் மரம் கண்ணில் பட்டுவிடாது. தாமரைக் குளங்களையும் பெயர்ப்பலகை தாங்கிய மரங்களையும் கடந்து நடக்கவேண்டும். நடந்து போய்ச் சேர்ந்தபின் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, "மரம் எங்கே?" என்பதுதான். ஏனென்றால் எதிரில் இருப்பது மரம் போல இல்லை. ஒரு சிறு தோப்பு போல இருக்கிறது. சாம்பல் நிறத் தூண்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. சில தொடையளவு பருமன், சில தேர்வடம் போல. மேலே பச்சைக் கூரை ஒன்றோடொன்று சேர்ந்து எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரியாமல் படர்ந்திருக்கிறது. அத்தனையும் ஒரே மரம், அத்தனை தூண்களும் விழுதுகள் என்று கூட வந்தவர் சொன்னபின் சிலர் நம்புகிறார்கள். சிலர் பலகையைப் படித்துவிட்டு நம்புகிறார்கள். கேமராக்காரர்கள்தான் பாவம். எவ்வளவு பின்னால் நகர்ந்தாலும் மரம் சட்டத்துக்குள் அடங்குவதில்லை. எடுத்த படத்தை ஊரில் காட்டினால், "ஏதோ காடு மாதிரி இருக்கே" என்பார்கள்.

புள்ளிவிவரப் பிரியர்களுக்கு: மேற்கவிகையின் சுற்றளவு ஏறக்குறைய 486 மீட்டர். மரம் அடைத்துக்கொண்டிருக்கும் இடம் நாலரை ஏக்கருக்கும் அதிகம். உயரம் சுமார் 24.5 மீட்டர். மண்ணில் ஊன்றி நிற்கும் விழுதுகளின் எண்ணிக்கையாகப் பல காலமாகச் சொல்லப்படுவது 3,772. இந்த எண்கள் ஆண்டுக்காண்டு மாறக்கூடியவை. ஆனால் மாறாத ஓர் எண்ணும் உண்டு. இந்த மரத்தின் அடிமரங்களின் எண்ணிக்கை: பூஜ்யம்.

அடிமரம் 1925-இல் அகற்றப்பட்டது. அது நின்ற இடத்தை ஓர் அடையாளம் காட்டுகிறது. ஒரு காலத்தில் 15 மீட்டருக்கும் மேல் சுற்றளவு கொண்டிருந்த அந்த மூலம் போய் ஒரு நூற்றாண்டு ஆகிவிட்டது. விழுதுகள் மரமாகத் தொடர்கின்றன. தமிழில் பிள்ளைகளை விழுது என்று சொல்வது பேச்சுவழக்கு. தள்ளாத பெற்றோரைத் தாங்குபவர்கள் என்ற பொருளில். ஷிப்பூரில் உவமை ஒரு படி மேலே போய்விட்டது. இங்கே தாங்கப்படவேண்டியவரே இல்லை. குடும்பம் மட்டும் நடந்துகொண்டிருக்கிறது.

மரத்தின் வயது என்ன? 'இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல்' என்பது பொதுவாகக் கிடைக்கும் பதில். வழிகாட்டிகள் தாராளமாக இன்னும் நூறு கூட்டுவதும் உண்டு. அடிமரம் இல்லாததால் வளையங்களை எண்ணிப் பார்க்க வழியில்லை. அடிமரம் இருந்த காலத்திலேயே அந்தக் கணக்கு இந்த மரத்துக்கு ஒத்துவராது என்று தாவரவியலாளர்கள் கைவிட்டிருந்தார்கள். அதற்குப் பதிலாக அவர்கள் செய்தது பத்திரிகையாளர்கள் மெச்சக்கூடிய வேலை. ஊர்ப் பெரியவர்களை விசாரித்தார்கள். 1848-இல் தோட்டத்தின் பொறுப்பேற்ற ஹக் ஃபால்கனர் திரட்டிய தகவலை, ஜோசப் ஹூக்கர் தம் பயண நூலில் பதிவு செய்திருக்கிறார். 1782-இல் இந்த இடத்தில் இருந்தது ஓர் ஈச்சமரம். அதன் கொண்டையில்தான் ஆலங்கன்று முளைத்தது. அடியில் ஒரு பக்கிரி உட்கார்ந்திருந்தார். இதை நேரில் பார்த்து நினைவு வைத்திருந்தவர்கள் சில ஆண்டுகளுக்கு முன்புவரை உயிரோடு இருந்தார்கள்.

பனையைக் கட்டிப்பிடித்து வளர்ந்த ஆலைத் தமிழ்க் கிராமங்களில் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஆலின் விதை தரையில் விழுந்து முளைப்பது அபூர்வம். பழத்தைத் தின்ற பறவை எச்சமிடும் இடம், மரப்பொந்தோ மட்டை இடுக்கோ சுவர் வெடிப்போ, அதற்குப் போதும். அங்கிருந்து வேரைக் கீழே விடும். மண்ணைத் தொட்டபின் இடம் கொடுத்தவரையே நெருக்கும். ஈச்சமரத்தின் கதி என்னவாகியிருக்கும் என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை. பக்கிரியின் கதி தெரியவில்லை.

அப்படிப் பார்த்தால் மரத்தின் வயது இன்றைக்கு இருநூற்று நாற்பது சொச்சம். தோட்டத்தைவிடச் சில ஆண்டுகள் மூத்தது. 1787-இல் தோட்டத்தைத் தொடங்கிய கர்னல் ராபர்ட் கிட், கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவ அதிகாரி. 1770-இன் வங்கப் பஞ்சம் அவர் மனத்தை உறுத்தியிருந்தது. சவ்வரிசிப் பனை போன்றவற்றைப் பரப்பினால் பஞ்சத்துக்கு உதவும் என்று எழுதினார். கம்பெனியின் லண்டன் இயக்குநர்களுக்கு அதைவிடப் புரியக்கூடிய காரணங்களும் இருந்தன: வாசனைப் பொருட்கள், கப்பல் கட்டத் தேக்கு. வாசனைப் பயிர்களுக்கு வங்கத்துத் தட்பவெப்பம் பிடிக்கவில்லை. தேக்கும் அந்த ஆற்றுமண்ணில் தேறவில்லை. தேக்குக்காக ஒதுக்கிய நிலத்தை 1820-இல் பிஷப்ஸ் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டார்கள். பிற்பாடு அந்த வளாகத்துக்குத்தான் வங்கப் பொறியியல் கல்லூரி வந்தது. கம்பெனி ஆசை ஆசையாக நட்டதெல்லாம் இப்படிப் போக, யாரும் நடாத, கப்பலுக்கும் உதவாத, ஒரு பறவை போட்டுவிட்டுப் போன விதை, நாட்டின் தாவரவியல் ஆய்வகத்துக்கே சின்னமாகிவிட்டது. இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் இலச்சினையில் இருப்பது இந்த ஆல்தான்.

நடாத மரம் என்றால் தானாக வளர்ந்த மரம் என்று நினைத்துவிடக் கூடாது. இங்கேதான் ஷிப்பூர் ஆலின் கதை சுவாரஸ்யமாகிறது.

கிட்டுக்குப் பின் பொறுப்புக்கு வந்தவர், அதற்கு முன் சோழமண்டலக் கரையில் சாமல்கோட்டையில் தோட்டம் போட்டிருந்த வில்லியம் ராக்ஸ்பர்க். பிறகு நதானியேல் வாலிச். 1840-களின் தொடக்கத்தில் வாலிச் விடுப்பில் போனபோது பொறுப்பேற்ற வில்லியம் கிரிஃபித், மிகத் திறமையான தாவரவியலாளர். தோட்டத்தை அறிவியல் வகைப்பாட்டின்படி ஒழுங்கு செய்தே தீருவது என்று பழைய மரங்களை வெட்டித் தள்ளினார். நிழல் போனதால் நிழலில் வாழ்ந்த அரிய செடிகளும் கருகின. படித்தவர்கள் செய்யும் சேதத்துக்கு இது ஒரு பாடப்புத்தக உதாரணம். ஆலமரத்தை அவர் வெட்டவில்லை. கவனிப்பாரற்றுப் போனதுதான் அதற்கு நேர்ந்தது. ஃபால்கனர் வந்து எண்ணியபோது மண்ணைத் தொட்ட விழுதுகள் வெறும் 89.

அடுத்த ஒன்றிரண்டு ஆண்டுகளில் அது பல நூறாயிற்று. எப்படி என்பதை ஹூக்கர் விவரமாகச் சொல்கிறார். கிளையில் ஈரக் களிமண்ணையும் பாசியையும் வைத்துக் கட்டினார்கள். அடியில் ஒரு சிறு நீர்க்கலயத்தைத் தொங்கவிட்டார்கள். வேர் விட்டதும் அதை மூங்கில் குழாய்க்குள் நுழைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தரைவரை கூட்டிவந்தார்கள். குழந்தையின் விரலைப் பிடித்துப் படியிறக்குவதைப் போன்ற வேலை. மண்ணைத் தொடும்போது விழுது வெறும் சாட்டைக் கயிறு. பல மாதங்கள் தொளதொளவென்று தொங்கிக்கொண்டிருக்கும். பிறகு பருக்கும். பருக்கப் பருக்க விறைத்துக்கொள்ளும். வேரே கிளையைக் கீழ்நோக்கி இழுக்கிறதோ என்று ஹூக்கர் சந்தேகித்தார். சந்தேகம் சரிதான் என்று ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு தெரிந்தது. ஆலின் உறவினமான ஓர் அத்தியின் விழுதுகளை 1968-இல் ஆராய்ந்தவர்கள், மண்ணில் ஊன்றிய விழுதுக்குள் இழுவிசை கொண்ட கட்டை உருவாவதையும், அது சுருங்கி விழுதை இறுக்குவதையும் கண்டார்கள்.

ஆக, இன்று வியந்து பார்க்கப்படும் ஆயிரக்கணக்கான தூண்களில் பலவற்றுக்குப் பின்னால் கலயமும் களிமண்ணும் மூங்கிலும் கொண்டு ஏணியேறிய ஒரு தோட்டக்காரர் இருக்கிறார். அவர்களுடைய பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. கண்காணிப்பாளர்களின் பெயர்கள் செடிகளுக்கெல்லாம் சூட்டப்பட்டிருக்கின்றன. மூங்கில் முறை மட்டும் பெரிய மாற்றமில்லாமல் இன்னமும் தொடர்கிறது. உற்றுப் பார்ப்பவர்களுக்கு ஓரத்துக் கிளைகளில் மூங்கிலுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும் இளம் விழுதுகள் தெரியும்.

ஹூக்கர் கொடுத்த அளவுகளை இன்றைய அளவுகளோடு வைத்துப் பார்ப்பது நல்ல பொழுதுபோக்கு. அவர் காலத்தில் மரத்தின் குறுக்களவு 300 அடி, உயரம் 80 அடி. இன்றைய சுற்றளவை வைத்துக் கணக்கிட்டால் குறுக்களவு 500 அடியைத் தாண்டுகிறது. உயரம்? 24.5 மீட்டர், அதாவது அதே 80 அடி. நூற்று எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக மரம் அகலத்தில் ஒன்றரை மடங்குக்கு மேல் விரிந்திருக்கிறது, மேல்நோக்கி ஏறவே இல்லை. பக்கவாட்டிலேயே அதன் வாழ்க்கை நடந்திருக்கிறது. 'ஆல்போல் தழைத்து' என்று மணமக்களை வாழ்த்தும்போது 'உயர்ந்து' என்று ஏன் சொல்வதில்லை என்பது ஷிப்பூரில் விளங்கும்.

இன்னொன்றையும் ஹூக்கர் எழுதிவைத்தார். வங்கத்தில் இதைவிடப் பெரிய ஆல்கள் உண்டு, ஆனால் இவ்வளவு செம்மையான வடிவம் அபூர்வம். வயதாக ஆக மூல மரம் உளுத்துப்போய், விழுதுகள் தனித்தனி அடிமரங்களாகி, மரம் துண்டு துண்டாகப் பிரிந்துவிடும் என்பது ஆலின் சுபாவம். இப்படி அவர் சொல்லிப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் சோதனை வந்தது. 1864 அக்டோபர் 5 அன்று கல்கத்தாவைத் தாக்கிய புயலில் ஹூக்ளி பொங்கிக் கரையேறியது. பல்லாயிரம் பேர் மாண்டார்கள். தோட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் சாய்ந்தன. மூன்று ஆண்டுகள் கழித்து 1867-இல் இன்னொரு புயல். பெரிய ஆலின் முக்கியக் கிளைகள் முறிந்தன. முறிந்த இடத்தில் பூஞ்சை புகுந்தது. அவசரப்படாமல் அது அடிமரத்தைத் தின்றது. கடைசியில் 1925-இல், நோய் மற்ற பகுதிக்குப் பரவாமல் இருக்க, அடிமரத்தையே வெட்டியெடுக்க முடிவு செய்தார்கள்.

ஒரு மரத்தைக் காப்பாற்ற அதன் அடியை வெட்டுவது என்பது கேட்க விபரீதமாகத்தான் இருக்கிறது. அந்த முடிவை எடுத்தவர்களுக்குத் துணிச்சல் இருந்திருக்க வேண்டும். அதைவிட முக்கியம், எழுபது ஆண்டுகளுக்கு முன் கலயம் கட்டியவர்களின் உழைப்பு அப்போது கைகொடுத்தது. 89 விழுதுகளோடு மட்டும் மரம் நின்றிருந்தால் 1925-க்குப் பின் ஷிப்பூரில் பார்க்க ஒன்றும் இருந்திருக்காது.

இது ஷிப்பூருக்கு மட்டும் நேர்ந்த விதியல்ல. சென்னைவாசிகளுக்கு அடையாறு ஆலமரம் தெரியும். பிரம்மஞான சபை வளாகத்தில் அன்னி பெசன்ட் முதல் ஜே. கிருஷ்ணமூர்த்தி வரை பேசிய நிழல் அது. அதன் அடிமரம் 1989-இல் சூறைக்காற்றில் சாய்ந்தது. தூக்கி நிறுத்த எடுத்த முயற்சி நீடித்துப் பலன் தரவில்லை. விழுதுகள் நிற்கின்றன. பெங்களூருக்கு வெளியே, பெயரே 'பெரிய ஆலமரம்' என்று பொருள்படும் தொட்ட ஆலத மரத்தின் மூலமும் நோய்க்குப் பலியானது. அங்கேயும் மூன்று ஏக்கர் விழுதுகள்தான் சுற்றுலாப் பயணிகளை வரவேற்கின்றன. மூன்று நகரங்கள், மூன்று புகழ்பெற்ற மரங்கள், மூன்றிலும் நடுவில் வெற்றிடம். சங்கப் பாடல்கள் சிவனை 'ஆலமர் செல்வன்' என்று அழைக்கின்றன. ஆலின் கீழ் அமர்ந்தவன் என்று பொருள். அமர அடி வேண்டுமே என்று யாராவது கேட்டால் இந்த மூன்று ஊர்க்காரர்களிடமும் பதில் கிடையாது.

அடிமரம் போனபின் நிற்பது பழைய மரம்தானா, அல்லது அதன் பிள்ளைகளின் கூட்டமா? வெளியூர்ப் பயணிகள் இந்தக் கேள்வியைக் கேட்டு வழிகாட்டிகளைத் திணறடிப்பதுண்டு. தாவரவியலின் பதில் எளிது. விழுது பிள்ளையல்ல, அதே மரத்தின் வேர். மேலே கிளைகள் தொடர்ந்து இணைந்திருக்கும்வரை அது ஒரே உயிர். எங்கேயாவது இணைப்பு அறுந்தால் அந்தத் துண்டு தனிக்குடித்தனம். ஷிப்பூரின் அக்கறை முழுவதும் அந்த இணைப்பில்தான் இருக்கிறது. 2020 மே 20 அன்று ஆம்பன் புயல் அடித்தபோது தோட்டத்தில் ஏராளமான மரங்கள் வேரோடு சாய்ந்தன. தப்பாது என்று பலர் பயந்த பெரிய ஆல் ஒரு பகுதிச் சேதத்தோடு தப்பியது. ஒற்றைக்கால் மரங்கள் விழுந்தன, ஆயிரங்கால் மண்டபம் நின்றது. முறிந்த இடங்களில் பூஞ்சை புகாமல் பார்த்துக்கொள்ளும் 1864-இன் பாடம் மறுபடியும் தேவைப்பட்டது.

பார்க்க வருகிறவர்களுக்கு மரத்தின் உள்ளே அனுமதி இல்லை. வேலிக்கு வெளியே சுற்றிவரலாம். குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக ஆரஞ்சுப் பழமும் லூச்சியும் கொண்டு வருகிறார்கள். காதலர்கள் வருகிறார்கள். பெயர் செதுக்க விழுது எட்டாத ஏமாற்றத்தைத் தோட்டத்தின் மற்ற மரங்களில் தீர்த்துக்கொள்கிறார்கள். வேலிக்குள் எட்டிக் குதித்து விழுதில் ஊஞ்சலாடலாமா என்று யோசிக்கும் பையன்களுக்குக் காவலாளியின் விசில் பதில் சொல்கிறது. வேலி அவசியம்தான். ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்து இறுகிய மண்ணில் இளம் விழுது ஊன்றாது. ஆனாலும் ஆலமரம் என்றால் அடியில் உட்காருவது என்று பழகிய ஒரு நாட்டில், நாட்டின் புகழ்பெற்ற ஆலின் அடியில் உட்கார முடியாது என்பது ஒரு முரண்தான். 1782-இன் பக்கிரி இன்று வந்தால் அவரும் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு வெளியேதான் நிற்கவேண்டும்.

மரத்தைச் சுற்றி ஒரு பாதை உண்டு. நீளம் 330 மீட்டர். மரத்தின் எல்லையை ஒட்டிப் போட்டது. இப்போதைய சுற்றளவான 486 மீட்டரோடு ஒப்பிட்டுப் பார்த்தால் என்ன நடந்திருக்கிறது என்பது புரியும். மரம் பாதையைத் தாண்டிப் போய்விட்டது. பாதையின் மேல் கூரை போட்டுக்கொண்டு மறுபக்கத்தில் விழுதுகளை ஊன்றியிருக்கிறது. போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று யாரும் கிளையைக் கழிக்கவில்லை. எல்லையை மரம் நிர்ணயித்தது, மனிதர்கள் ஒத்துக்கொண்டார்கள். இந்திய நகரம் ஒன்றில் ஒரு சாலைக்கும் ஒரு மரத்துக்கும் நடந்த வழக்கில் மரம் ஜெயித்த அபூர்வச் சம்பவம் இது.

தோற்ற வழக்கைப் பார்க்கவும் வெகுதூரம் போகவேண்டாம். ஆற்றின் மறுகரையில் ஷியாம்பஜாரிலிருந்து வடகிழக்கே பங்களாதேஷ் எல்லையை நோக்கிப் போகிறது ஜெஸ்ஸோர் சாலை. இருபுறமும் கைகோத்து நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களுக்காகப் பெயர் பெற்ற சாலை. 1971-இல் லட்சக்கணக்கான அகதிகள் அந்த நிழலில்தான் நடந்து வந்தார்கள், தங்கினார்கள். பாராசாத்துக்கும் எல்லைக்கும் இடையே ஐந்து ரயில்வே மேம்பாலங்கள் கட்ட 356 மரங்களை வெட்டலாம் என்று 2018 ஆகஸ்டில் கல்கத்தா உயர்நீதிமன்றம் அனுமதித்தது. நிபந்தனை: வெட்டும் ஒரு மரத்துக்கு ஐந்து கன்றுகள் நடவேண்டும். வழக்கு உச்சநீதிமன்றம் போனது. வெட்டுவது நிறுத்திவைக்கப்பட்டது. ஒரு மரத்தின் மதிப்பு என்ன என்று கணக்கிட நீதிமன்றம் நிபுணர் குழு அமைத்தது.

குழு சொன்ன விலை 2021-இல் பத்திரிகைகளில் பரபரப்பாக வெளிவந்தது. ஒரு மரத்தின் மதிப்பு ஆண்டுக்கு 74,500 ரூபாய். அதில் ஆக்சிஜனுக்கு மட்டும் 45,000. மீதி எருவுக்கும் மற்றவற்றுக்கும். நூறு வயதைத் தாண்டிய மரத்தின் மதிப்பு ஒரு கோடிக்கு மேலும் போகலாம். வெட்டப்படவிருந்த முந்நூறு சொச்சம் மரங்களின் மதிப்பு, கட்டவிருக்கும் திட்டத்தின் செலவைவிட அதிகம் என்பது குழுவின் முடிவு. மரங்களுக்கு ஆதரவாக இவ்வளவு துல்லியமான வாதம் அதற்கு முன் எந்த நீதிமன்றத்திலும் வைக்கப்பட்டிருக்குமா என்பது சந்தேகமே. இருந்தும் 2023 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் மேம்பாலங்களுக்காக மரங்களை வெட்ட வழிவிட்டது. லெவல் கிராஸிங்குகளில் நடக்கும் விபத்துகள், மணிக்கணக்கில் சிக்கிக்கொள்ளும் லாரிகள், ஆம்புலன்ஸ்கள் என்று எதிர்த்தரப்பிலும் நியாயம் இருந்தது. அதை மறுப்பதற்கில்லை. ரூபாய்க் கணக்கில் இறங்கியபோதே மரங்கள் பாதி தோற்றுவிட்டன என்றுதான் தோன்றுகிறது. விலை சொல்லப்பட்ட பொருளை வாங்க யாராவது வந்தே தீருவார்கள்.

அதே வாய்ப்பாட்டை ஷிப்பூருக்குப் போட்டுப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. 240 ஆண்டுகள், ஆண்டுக்கு 74,500. ஒரு கோடியே எழுபத்தொன்பது லட்சம் ரூபாய். கொல்கத்தாவின் நல்ல பகுதியில் ஒரு பெரிய ஃப்ளாட் வாங்கலாம். நாலரை ஏக்கர் மரத்துக்கு விலை ஒரு ஃப்ளாட்! ஒரு மரத்துக்கு ஐந்து கன்று என்ற கணக்கும் அப்படித்தான். 89 விழுதுகளை ஆயிரமாக்க எத்தனை பேர் எத்தனை ஆண்டுகள் ஏணியேறினார்கள் என்று ஷிப்பூருக்குத் தெரியும். ஐந்து கன்றுகளை யார் ஏணி வைத்துப் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்பதை எந்தத் தீர்ப்பும் சொல்வதில்லை.

மாலையானதும் தோட்டத்துக் காவலாளிகள் விசிலடித்து ஆட்களை வெளியே அனுப்புகிறார்கள். அதே நேரத்தில் உள்ளே வருகிறவை பறவைகள். காகங்கள், மைனாக்கள். கூடவே பழந்தின்னி வௌவால்கள். சிவப்பாகப் பழுத்த ஆலம்பழக் காலத்தில் கூச்சல் கேட்டு முடியாது. அந்தப் பழத்துக்குள் விதை பிடிப்பதற்கு ஆலுக்கென்றே உள்ள ஒரு குளவி வேண்டும், கண்ணுக்கு அரிதாகத் தெரியும் அளவு சிறியது. பழத்தைத் தின்றவை விடிந்ததும் ஹூக்ளியைக் கடந்து நகரத்துக்குப் போகின்றன.

வட கொல்கத்தாவின் பழைய மாளிகைகளில் அந்தப் பயணத்தின் பலனைப் பார்க்கலாம். சிதிலமடைந்த கார்னிஸில், ஜன்னல் வளைவின் வெடிப்பில், தண்ணீர்க் குழாய் சுவரைத் தொடும் மூலையில், தடித்த பளபளப்பான நாலைந்து இலைகளோடு ஆலங்கன்றுகளும் அரசங்கன்றுகளும் எட்டிப் பார்க்கின்றன. விட்டால் பத்து வருஷத்தில் சுவர் இரண்டாகும் என்று வீட்டுக்காரருக்குத் தெரியும். மழைக்காலம் முடிந்ததும் கொத்தனார் வருகிறார். வேர் உள்ளே ஆழமாகப் போயிருந்தால் பிடுங்கினால் மட்டும் போதாது, அடுத்த மழைக்கு மறுபடி துளிர்க்கும் என்று சொல்லி, வெடிப்புக்குள் ஆசிட் ஊற்றிச் சிமென்ட் பூசிவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போகிறார்.